இடப்பக்கம் திரும்பினால் ஹோன் அடிக்கும் கார்

உக்குவளையில் நான் வாடகைக்கு இருந்த அறை, கராம்பும் மிளகும் வாங்கி விற்கும் ஒரு ஹாஜியாரின் வீட்டோடு ஒட்டியிருந்தது. முற்றத்தில் அவருடைய பழைய கார் தார்ப்பாய்க்குள் நிற்கும். பெருநாளுக்கும் ஜனாஸா அடக்கத்துக்கும் தவிர அது வெளியே போவதில்லை. யுத்தத்தால் எங்கு போனாலும் சோதனைச் சாவடி இருந்த காலம். முழங்கால் வலியோடு காரோட்டுவதில் அவருக்கு விருப்பம் விட்டுப்போயிருந்தது.

சும்மா நின்றே அந்தக் காருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பிரேக்கை மிதித்தால் உள்விளக்கு எரியும். முன்விளக்கைப் போட்டால்தான் வைப்பர் அசையும். இடப்பக்கச் சிக்னலைப் போட்டால், அது மின்னும் தாளத்துக்கு ஹோனும் சேர்ந்து அடிக்கும். நான் விஞ்ஞான ஆசிரியன் என்பதால் இதையெல்லாம் சரிசெய்வது என் பொறுப்பு என்று ஹாஜியார் முடிவு செய்திருந்தார். நான் கரும்பலகையில் வரையும் மின்சுற்றில் ஒரு மின்கலமும் ஒரு மின்குமிழும்தான் இருக்கும். இங்கே எலி கடித்த வயர்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன.

"என்ன மாஸ்டர், புடிச்சீங்களா?"

"எர்த் சரியில்ல போல ஹாஜியார்."

"அதுக்கு கையும் வாயும் ஒட்டிப் பொறந்தீக்குது. கைய நீட்டினா கத்தும். எங்கட ஊட்டுலயும் ஒரு ஆள் அப்பிடித்தான்" என்பார், சமையலறைப் பக்கம் கேட்காதபடி.

அந்தக் காரை நான் கேட்டது அப்பாவுக்காக. அவர் எல்கடுவத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவர். இரண்டு கண்ணிலும் புரை. முதல் தடவை சத்திரசிகிச்சைக்கு நாள் கொடுத்தபோது பஸ்ஸில் கூட்டிப்போனேன். சாவடியில் எல்லோரையும் இறக்கி வரிசையாக நடக்கச் சொன்னார்கள். அப்பா படி தெரியாமல் விழுந்தார். சாரம் விலகியது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அங்கிருந்தே திரும்பிவிட்டார்.

"குருடனாவே இருந்துட்டுப் போறேன். நாலு பேரு பாக்க என்னய இழுத்துக்கிட்டுத் திரியாத."

இரண்டாவது தடவை நாள் கிடைத்ததும், காரில் போனால் இறங்கத் தேவையிருக்காது என்று கெஞ்சினேன். "இது ஒரு தடவதான். இதுவும் சரிவரலன்னா இனிமே என்னயக் கூப்புடக் கூடாது" என்றார். சொன்னால் சொன்னதுதான்.

அன்று காலை ஹாஜியாரே ஓட்டினார். தோட்டத்துப் பாதையில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டினால், இடப்பக்கம் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குத் திரும்ப வேண்டும். பாதையில் ஒரு ஆடுகூட இல்லை. ஆனாலும் "காலம் சரியில்ல மாஸ்டர், நாங்க சட்டப்படி போறது நல்லம்" என்று சிக்னலைப் போட்டார். ஹோன் அடிக்கத் தொடங்கியது. சிக்னலை எடுத்தும் நிற்கவில்லை. லயத்து வாசலில் கார் நின்ற பிறகு ஒரே நீளமாக அலறியது.

அந்த இடத்தில் நீளமாக ஹோன் அடிப்பது ஒரேயொரு வண்டிதான், கொழுந்து லொறி. மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், லொறி நேரத்தோடு வந்துவிட்டதென்று அரைக்கூடையோடு திமுதிமுவென்று இறங்கி வந்தார்கள். பின்னாலேயே கங்காணி.

"எவன்டா அது? யாரக் கேட்டு எறங்குனீங்க? ஏறுங்க மலைக்கி!"

"பெட்டரியக் கழட்டுங்க மாஸ்டர்!" என்று ஹாஜியார் கத்தினார். நான் கழற்றினேன். சத்தம் நின்றது. அதற்குள் லயத்துப் பிள்ளைகள், பெண்கள், கங்காணி என்று பெரிய கூட்டம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்ற அப்பா, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் போய்க் கூப்பிட்டேன். எழுந்து வரவில்லை. அப்பாவோடு ஒரே மலையில் வேலை செய்த ஒரு அக்கா கூடையோடு கதவடியில் வந்து நின்றார்.

"என்னாண்ணே, உள்ள போய் ஒக்காந்துட்டீங்க?"

"ஊரையே கூட்டிட்டான்ல."

"கூட்டுனான்தான். ஒங்க கண்ணால நாங்க அத்தன பேரும் கங்காணிக்கிட்ட ஏச்சு வாங்கியாச்சு. இப்பப் போகலன்னா அந்த ஏச்ச நீங்களே வந்து வாங்கிக்குங்க. வாறீங்களா, இல்ல கூடையில தூக்கி வச்சுக் கொண்டுபோகவா?"

வெளியே எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே அப்பாவும் சிரித்தது எனக்குக் கேட்டது. எழுந்து வந்தார்.

ஹோன் வயரைப் பிடுங்கிவிட்டுப் பெட்டரியை மாட்டினேன். கார் ஒரு முனகலோடு சரி. ஹோன் அடித்தே இருந்த கொஞ்ச உயிரும் போய்விட்டது. அப்பா உள்ளே உட்கார்ந்திருக்க, பெண்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டுச் சரிவில் தள்ளினார்கள். "தள்ளுங்கடி, ஆஸ்பத்திரி வரைக்கும் தள்ளச் சொல்லப் போறாங்க" என்று ஒருத்தி கத்தினாள். பார்த்துக்கொண்டு நின்ற கங்காணி கடைசியில் தானும் வந்து கைவைத்தார். வளைவுக்கு முன்னால் காரின் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஹோன் போனாலும் வேறெதுவும் கிளம்பிவிடக் கூடாதென்று, சிக்னலைத் தொடவே வேண்டாம் என ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன். இடப்பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் கையை வெளியே நீட்டினேன். சாவடியில் ஒரு ஆமிக்காரப் பையன் உள்ளே எட்டிப் பார்த்து, அடையாள அட்டைகளை வாங்கினான். கண் தெரியாதவர், ஆஸ்பத்திரிக்குப் போகிறோம் என்று சிங்களத்தில் சொன்னேன். அப்பாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். இறங்கச் சொல்லவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரியில் கண் வாட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தாதி அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். நான் அவருடைய முழங்கையைப் பிடித்தேன்.

"கூட்டமா இருக்கா?"

"இருக்குப்பா."

"கொஞ்சம் வழி விடச் சொல்லு" என்றார் அப்பா, அவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி.