மருமகன் கேட்க வேண்டிய கேள்வி

லம்பாசா ஆஸ்பத்திரிச் சமையலறையில் உனாய்சி இருபத்திரண்டு வருஷமாக மரவள்ளிக்கிழங்கு உரிக்கிறாள். அழுவது அவளுடைய உபதொழில். அது தானாக அமைந்தது. ஒருநாள் டாக்டர்களின் பயிற்சி அறைக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். தாய் வேஷம் கட்ட வேண்டியவள் அன்றைக்கு வரவில்லை. பயிற்சி நடத்தும் டாக்டர் புஷ்பா கவுண்டர் இவளைப் பிடித்து, வலிப்பில் துடிக்கும் பொம்மைப் பையன் பக்கத்தில் நிறுத்தி, "கொஞ்சம் அழுங்கக்கா" என்றார். உனாய்சி எதையும் கொஞ்சமாகச் செய்கிறவள் அல்ல. அவள் போட்ட கூப்பாட்டில் பிரசவ வார்டிலிருந்து இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த புது டாக்டர்கள் எல்லாரும் அவள் கண்ணீரில் நனைந்துதான் தேறினார்கள்.

பாடம் இதுதான். பொம்மை துடிக்கும். மூச்சு, ஆக்சிஜன், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு வலிப்பை அடக்கும் ஊசி போட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் இன்னொன்று. அதற்கும் அடங்காது. கதைப்படி பையன் தாத்தாவின் காசநோய் மாத்திரைகளை விழுங்கியிருக்கிறான். அந்த வலிப்புக்கு பி-ஆறு வைட்டமினை ஊசியாக ஏற்ற வேண்டும். மாத்திரை விஷயம் தாய்க்கு மட்டுமே தெரியும். டாக்டர் தாயிடம் நேராகக் கேட்டால்தான் அவள் சொல்லலாம் என்பது புஷ்பா போட்ட சட்டம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் அபெனிசா. உனாய்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் அவள் தங்கை மகள் லைசானியின் புருஷன். பெரியம்மாவும் அம்மாதானே, ஆகவே இவள் அவனுக்கு மாமியார். மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசுவது தபு, அவர்கள் வழக்கத்தில் செய்யவே கூடாத காரியம். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் முன்வாசலில் ஏறினால் இவள் பின்வாசலில் இறங்கிவிடுவாள்.

அபெனிசா எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தான். இரண்டாவது ஊசிக்கும் பொம்மை அடங்காதபோது, தரையைப் பார்த்தபடி நர்ஸிடம், "வேற ஏதாவது சாப்பிட்டானான்னு அவங்ககிட்ட கேளுங்க" என்று முனகினான். வேலையில் இருந்த நர்ஸ் காதில் அது விழவில்லை. அவன் மறுபடி சொல்லவில்லை. உனாய்சி சுவரைப் பார்த்து அழுதாள். அவன் கேட்காமல் இருந்தால் தேவலை என்று அவளும் உள்ளூர வேண்டிக்கொண்டாள். இப்படி இருவருமாகச் சேர்ந்து பொம்மையைக் கொன்றார்கள்.

"மரியாதையிலயே செத்துப்போச்சு புள்ள!" என்று புஷ்பா தலையில் அடித்துக்கொண்டார். "வெள்ளிக்கிழமை இன்னொரு வாட்டி. அதையும் கோட்டை விட்டா உன்னைத் தீவுக்கு அனுப்ப மாட்டேன்."

அவனுக்கு அடுத்த வேலை அந்தத் தீவில். அங்கே அவன் ஒருவன்தான் டாக்டர். அடுத்த டாக்டரைப் பார்க்க ஒரு பகல் முழுக்கப் படகில் வர வேண்டும். லைசானியும் எட்டு மாதக் குழந்தையும் அவனோடு போகிறார்கள்.

சாயங்காலம் புஷ்பா சமையலறைக்கே வந்தார். "அக்கா, வெள்ளிக்கிழமை வேற யாரையாவது அழ வைக்கிறேன். உங்களுக்கு எதுக்கு இந்தச் சங்கடம்?"

உனாய்சி கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தத் தீவு எங்க ஊரு டாக்டரம்மா. பாதிப் பொம்பளைங்க எனக்கு அக்கா தங்கச்சி முறை. அத்தனை பேரும் இவனுக்கு மாமியாரு. எத்தனை பேரை மாத்துவீங்க?"

"அது சரி. அவன் கேட்டா உங்களுக்கு வாய் வருமா?"

"அதான் எனக்கும் பயமா இருக்கு."

வெள்ளிக்கிழமை. இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. பொம்மையின் கைகால்கள் கட்டிலில் தடதடவென்று அடித்தன. அபெனிசா நர்ஸைப் பார்த்தான். புஷ்பா சொல்லி வைத்திருந்தபடி நர்ஸ், "எனக்குக் கை ஒழியல டாக்டர், நீங்களே கேளுங்க" என்றாள்.

அவன் முகமெல்லாம் வேர்த்தது. இரண்டடி வந்து, குனிந்து, "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டு, அவள் பாதங்களைப் பார்த்தான். "அம்மா... பையன் மாத்திரை ஏதாச்சும் முழுங்கினானா?"

உனாய்சியின் அழுகை சட்டென்று நின்றது. நாக்கு எழவில்லை. கட்டில் தடதடத்தது. லைசானியின் குழந்தை அப்படித் துடிப்பதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள், வாய் தானாகத் திறந்துகொண்டது.

"தாத்தாவோட டிபி மாத்திரை! டப்பாவே காலி! ஒரு மணி நேரம் ஆச்சு! பதினாலு கிலோ இருப்பான்! மத்தியானம் மீன் சாப்பிட்டான்! நீயும்தான் எலும்பும் தோலுமா இருக்கே, லைசானி சோறு போடுறாளா இல்லையா?"

"பி-ஆறு எடுங்க!" என்று அபெனிசா கத்தினான். எடைக்குக் கணக்குப் போட்டு ஏற்றினான். பொம்மை அடங்கியது.

"கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும், மறந்துட்டீங்களா?" என்றார் புஷ்பா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"மூணு வருஷமா அடக்கி வச்ச வாய், டாக்டரம்மா. தொறந்தா நிக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் லைசானியும் அபெனிசாவும், மன்னிப்புக் கேட்கிறவர்கள் முறையாகக் கொடுக்கும் யங்கோனா வேர்க்கட்டோடு வந்தார்கள். தபுவை மீறிய குற்றத்துக்கு மன்னிப்பு. அவன் வாசலருகே தலைகுனிந்து உட்கார்ந்தான்; லைசானிதான் பேசினாள். உனாய்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, முறைப்படி கைதட்டி வேரை ஏற்றுக்கொண்டாள்.

பிறகு நான்கடி தள்ளி இருந்தவனுக்குக் கேட்கும்படியாகவே லைசானியிடம் சொன்னாள்: "அவன்கிட்டச் சொல்லுடி. தீவுல இருக்கிற அத்தனை மாமியாருக்கும் போன் போட்டாச்சு. புள்ள துடிக்கும்போது டாக்டர் கேட்டா மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லணும், இல்லேன்னா நானே படகேறி வந்து கேப்பேன்னு சொல்லிட்டேன்."

லைசானி திரும்பி, ஒரு சொல் விடாமல் புருஷனிடம் ஒப்பித்தாள்.