மலையேறிய நாற்காலி

ஜார்ஜ் டவுன் கணினிக் கடையில் அந்த அக்காவைப் பார்த்தேன். தலையில் மல்லிகை, அதற்கு மேலே கறுப்புக் கண்ணாடி. பஸ்ஸில் ஆட்களைக் கோயில் சுற்றுலாவுக்கு அழைத்துப்போகிறவராம். கையடக்கப் பிரிண்டர் ஒன்றை மடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, மை வாங்க வந்த என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, நாற்காலிய நல்லா ஆட்டுங்க லா. பஸ் மலையேறுது!"

"எதுக்குக்கா?"

"நம்ம ஆளுங்க வயசானவங்க, போன்ல பாக்கத் தெரியாது. ஓடுற பஸ்ஸிலயே அச்சடிச்சு, இறங்குறதுக்குள்ள படம் கையில இருக்கணும்."

ஆட்டினேன். முதல் பிரிண்டர் தாளைக் கசக்கியது. இரண்டாவது பாதியில் நின்றது. கடைக்காரர் தலையில் கைவைத்தார். மூன்றாவது பிரிண்டருக்கு நாற்காலியை ஆட்டும்போது அக்கா என்னையே படமெடுத்து அச்சிட்டார். பளிச்சென்று வந்தது. "இதான்!" என்று கைதட்டிவிட்டுப் படத்தை எனக்கே தந்தார்.

கல்யாண ஆல்பத்தில்கூட முறைத்துக்கொண்டு நிற்கும் நான், அதில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன். அது நான்தான் என்று என் மனைவி இன்னும் நம்பவில்லை.