சிவப்பு ரப்பர், பச்சை ரப்பர்

தைப்பிங் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தூங்குமூஞ்சி மரத்தடியில் இருக்கிறது, ஊருக்கே அத்தையான ரொஹானி மக்சிக்கின் நாசி லெமாக் கடை. வாழையிலையில் மடித்த தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தில் சிவப்பு ரப்பர் வளையம் மாட்டியிருந்தால் உள்ளே மிளகாய்ச் சம்பல் காரம். பச்சை ரப்பர் வயிற்றுப் புண்காரர்களுக்கு. இது தெரியாதவனுக்கு எங்கள் ஊரில் டாக்சி உரிமமே கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

அவள் கணவர் ஜமாலுடின் வேனை ஓட்டுவார், குடையை விரிப்பார், பிறகு நாற்காலியில் சாய்ந்து மீசையைத் தடவுவார். தப்பித்தவறிப் பொட்டலத்தைத் தொடப் போனாலும், "கைய எடுங்க அபாங், வேன் அழுக்கு" என்று மக்சிக் விரட்டிவிடுவாள். முப்பது வருடமாக இதே கூத்து. மரத்துக்குப் பெயர் வைத்ததே இவரைப் பார்த்துத்தான் என்று நான் அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் மகளின் பிரசவத்துக்காக மக்சிக் அலோர்ஸ்டார் போனாள். நாலு நாள் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாக ஜமாலுடின் மார்தட்டினார். எதிரே புதிதாக மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் விற்கும் ஒரு வண்டி வந்திருந்த நேரம் அது. மக்சிக்கின் தங்கை சமைத்து, கட்டி, எல்லாவற்றையும் ஒரே கூடையில் அடுக்கி அனுப்பினாள். ரப்பரைப் பார்த்துக் கொடுத்தால் போதும்.

முதல் நாளே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் லிம் இரண்டு வாய் தின்றதும் எழுந்து நின்றுவிட்டார். வயிற்றுப் புண் மனிதர். என் தேநீரை என்னைக் கேட்காமலே குடித்தார். லாரிக்காரர்களோ, சம்பலில் மிளகாயா, சீனியா என்று சண்டைக்கு வந்தார்கள். மறுநாள் பாதிப் பேர் மீ கோரெங் வண்டியில் நின்றார்கள். ஜமாலுடினின் மீசை தொங்கிவிட்டது.

எனக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு பொட்டலத்தை நீட்டி, இது என்ன ரப்பர் என்று கேட்டேன். பச்சை என்றார். என் கையில் இருந்தது நல்ல சிவப்பு.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மக்சிக்கை அவர் ஆனி என்றுதான் கூப்பிடுவார். "ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் தம்பி தெரியும். ஆனிகிட்ட சொல்லிடாத. பொண்ணு பாக்கப் போனப்போ, இந்தச் சிவப்பு பாஜு உடுப்பு உனக்கு அழகா இருக்குன்னு சொன்னேன். சிரிச்சா. தப்பிச்சோம்னு இருந்துட்டேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. மீதி இரண்டு நாளும் சவாரியை விட்டுவிட்டு நானே கூடைப் பக்கம் உட்கார்ந்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மக்சிக் வந்து இறங்கியதும் லிம் தன் வயிற்றின் கதை முழுவதையும் ஒப்பித்துவிட்டார். ஜமாலுடின் தரையைப் பார்த்தார். மக்சிக் நிதானமாக ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் போட்டிருந்தது பச்சை பாஜு" என்றாள். "அப்பவே தெரியும். அதான் பொட்டலத்துல கை வைக்க விடல."

"அப்புறம் ஏன் நீ திருத்தல?"

"திருத்தியிருந்தா, அப்புறம் எதுலயுமே என்னை அழகுன்னு சொல்லப் பயந்திருப்பீங்க."

மறுநாளிலிருந்து காரப் பொட்டலத்துக்கு இரண்டு ரப்பர், மற்றதற்கு ஒன்று. இப்போது ஜமாலுடின்தான் எழுந்து நின்று எடுத்துக் கொடுக்கிறார். பெருநாளன்று மக்சிக் பச்சைப் பாஜுவில் வந்தாள். அவர் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "சிவப்பு உனக்கு எடுப்பா இருக்கு ஆனி" என்றார்.

அவள் திருத்தவில்லை.