ஏரோப்ளேன் சைக்கிள்

என் அத்தை மகள் பிறந்த கதையை எங்கள் குடும்பத்தில் யார் சொன்னாலும் ஒரு சைக்கிளில்தான் ஆரம்பிப்பார்கள். உண்மையில் அந்தக் கதையில் சைக்கிள் இரண்டு. ஒன்று அப்பாவுடையது, மற்றது மாமாவுடையது. நான் அப்போது மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எது உயர்ந்தது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இருக்கவில்லை.

உறவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாமா என் அம்மாவின் தம்பி. அவர் கட்டிக்கொண்டது என் அப்பாவின் தங்கையை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால் அத்தையைத் தறிமேடைக்குப் பக்கத்தில் தூளி கட்டி வளர்த்தவர் அப்பாதான். ஆகவே தலைப்பிரசவத்துக்கு அத்தை பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மாமா தறியில் உட்கார்ந்து பார்த்து, தனக்கு அது சரிப்படாது என்று மெட்ராஸில் ஒரு கம்பெனி வேலைக்குப் போனவர். அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அப்பா அதிகம் பேசமாட்டார். மாமாவோ, அப்பா பேசாமல் இருக்கும்போதெல்லாம் தன்னைத்தான் திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்வார்.

பங்குனித் தேருக்கு இரண்டு நாள் முன்னால் மாமா பஸ்ஸில் வந்து இறங்கினார். பஸ்ஸின் கூரையிலிருந்து அவருடைய சைக்கிளும் இறங்கியது. கம்பெனியில் இருந்த வெள்ளைக்கார அதிகாரி ஊருக்குத் திரும்பும்போது மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். அப்படி ஒரு சைக்கிளை எங்கள் தெரு பார்த்ததில்லை. பெயின்ட்டே கிடையாது. உடம்பு முழுக்கப் புதுப் பாத்திரம் போல வெள்ளையாக மினுங்கியது. மாமா அதை ஒரு கையால் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். தெருப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்த்தார்கள். நானும் தூக்கினேன். இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்பியபோது எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

அப்பாவின் சைக்கிளை என்னால் அசைக்கக்கூட முடியாது. கறுப்பு நிறம், அதுவும் பாதி உதிர்ந்து போனது. தறிக்குப் போடும் பாவுச் சுருளும் பட்டு மூட்டையும் ஏற்றுவதற்காகப் பின்னால் இருந்த கேரியரை இரும்புக் கம்பி வைத்து அகலமாக்கியிருந்தார். ஒருமுறை மாட்டு வண்டி ஒன்று அதைச் சுவரோடு வைத்து நசுக்கியதில் முன்பக்கம் கோணிப்போனது. வெல்டிங் பட்டறைக்காரர் அதை நெருப்பில் காட்டித் தட்டி நிமிர்த்தி, அப்பா டீ குடித்துவிட்டு வருவதற்குள் கையில் கொடுத்துவிட்டார். அன்றே அது உடைந்து தொலைந்திருக்கலாம் என்று நான் நினைத்தது உண்டு. பள்ளிக்கூட வாசலில் அதிலிருந்து இறங்க எனக்கு வெட்கமாக இருக்கும்.

“இது இரும்பு இல்ல மாமா, அலுமினியம். ஏரோப்ளேனே இதுலதான் செய்றான்” என்று மாமா அப்பாவிடம் சொன்னார். அப்பா சுற்றி வந்து பார்த்தார். சக்கரத்தைச் சுழற்றிவிட்டார். குழாயை விரல் முட்டியால் தட்டினார். அது மரப்பெட்டியைத் தட்டியதுபோல் டொக் என்றது.

“லேசாத்தான் இருக்குது” என்றார்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட மாமா, அந்த இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டு இதை அப்பாவே வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னார். நாள் முழுக்கத் தறிக்குழியில் குனிந்து கிடக்கிற மனிதருக்கு இவ்வளவு கனம் எதற்கு என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, மனசாரத்தான் சொன்னார். சரி என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று நான் அப்பாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை மட்டும் உள்ளேயிருந்து, அந்த ஏரோப்ளேன் தன்னையும் தன் வயிற்றையும் சேர்த்துத் தாங்குமா என்று கேட்டாள். யானையே ஏறலாம் என்றார் மாமா.

அன்று சாயங்காலம் திருப்பருத்திக்குன்றம் வரைக்கும் என்னைப் பின்னால் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். வழியில் இருந்த கல், பள்ளம் எல்லாமே என் முதுகெலும்புக்கு வந்து சேர்ந்தன. பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. அப்பாவின் சைக்கிளில் இந்தப் பள்ளங்கள் என் வரைக்கும் வருவதில்லை. எங்கோ நடுவிலேயே கரைந்துபோகும். அது அந்தச் சைக்கிளின் சோம்பேறித்தனம் என்றும், இப்படி ஆட்டுவதுதான் வேகம் என்றும் நான் புரிந்துகொண்டேன்.

தேரன்று காலை, எங்கள் தெரு நெசவாளிகள் வைக்கிற தண்ணீர்ப் பந்தலுக்கு வெள்ளரிக்காய் வாங்கிவர அப்பா ஓரிக்கைக்குப் போயிருந்தார். அவர் போன கொஞ்ச நேரத்தில் அத்தைக்கு வலி கண்டது. நாள் இன்னும் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அம்மா மருத்துவச்சியைக் கூட்டிவந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு பார்த்த அவள் வெளியே வந்தபோது முகம் சரியாக இல்லை. குழந்தையின் தலை இன்னும் கீழே திரும்பவில்லை, தன்னால் ஆகாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மாமா ஜட்கா வண்டி தேடி ஓடினார். தேரன்று பிள்ளையார்பாளையத்தில் ஜட்கா ஏது? எல்லா வண்டியும் பஸ் ஸ்டாண்டுக்கும் ரயிலடிக்கும் ஜனங்களை ஏற்றப் போயிருந்தது. தேர் ஓடும் ராஜ வீதிகளில் எந்த வண்டியையும் விடவில்லை. மாமா வியர்த்து வழியத் திரும்பி வந்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். உதட்டைக் கடித்தபடி, ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அது எனக்குப் பெரிய பயத்தைக் கொடுத்தது. கத்தியிருந்தால் தேவலை.

சைக்கிளை வெளியே எடுத்தார் மாமா. அம்மா வேண்டாம் என்றாள்.

“ஓட்ட மாட்டேங்கா. தள்ளிக்கினே போயிடலாம். நீ இவளைப் புடிச்சிக்க” என்றார் மாமா.

அப்படித்தான் புறப்பட்டோம். அத்தை கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். அம்மா அவள் இடுப்பை அணைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். நான் துணி மூட்டையோடு பின்னால் ஓடினேன். இரண்டு தெரு தாண்டியதும் அத்தைக்கு வலி அதிகமானது. மாமாவால் தாங்க முடியவில்லை. அம்மாவைக் கூடவே ஓடி வரச் சொல்லிவிட்டு, பெடலில் காலை வைத்து ஏறி மெதுவாக மிதிக்க ஆரம்பித்தார்.

தெருமுனையில் சாக்கடைமேல் கருங்கல் பலகை போட்டிருந்தார்கள். முன்சக்கரம் அதில் ஏறி இறங்கியது, அவ்வளவுதான். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்ததுபோல ஒரு சத்தம். கைப்பிடியும் முன்சக்கரமும் ஒருபக்கம் போயின, மற்றதெல்லாம் மறுபக்கம் சாய்ந்தது. கழுத்துப் பக்கத்தில் குழாய்கள் இரண்டும் சுத்தமாக முறிந்திருந்தன. வளையவும் இல்லை, முன்கூட்டி முனகவும் இல்லை. மாமா கைப்பிடியைப் பிடித்தபடியே முகம் குப்புற விழுந்தார். அம்மா அத்தையை விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் அப்படியே உட்கார்ந்தார்கள்.

முதலில் பேசியது அத்தைதான். “நான் நல்லாத்தான் இருக்கேன் அண்ணி. அவரப் பாருங்க, வாயில ரத்தம்.”

மாமா தன் வாயைத் துடைக்கவில்லை. எழுந்துகூட நிற்கவில்லை. மண்டியிட்டபடி, முறிந்த குழாயின் இரண்டு முனைகளையும் பிடித்து ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை எடுத்தால் பிரிந்தது. மறுபடியும் பொருத்தினார். அம்மா அவர் பெயரைச் சொல்லி அதட்டிய பிறகும் விடவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து மணிச் சத்தம் கேட்டது. அந்த மணியை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வேன். அப்பா வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டில் விஷயம் தெரிந்து, வெள்ளரிக்காய் மூட்டையைக்கூட இறக்காமல் எங்களைத் தேடி வந்திருந்தார். சைக்கிளை நிறுத்தினார். எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். முறிந்ததையும் பார்த்தார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன், இதோ இப்போது திட்டு விழப்போகிறது என்று.

அப்பா கயிற்றை அவிழ்த்து மூட்டையைத் தெருவோரம் உருட்டிவிட்டார். தன் மேல்துண்டை மடித்துக் கேரியரில் போட்டார்.

“ஏறும்மா” என்றார் அத்தையிடம். பிறகு மாமாவைப் பார்த்து, “மாப்ள, பின்னால அவ முதுகப் புடிச்சிக்கினு ஓடியா. கைய மட்டும் எடுக்காத” என்றார்.

அந்த அகலமான கேரியரில் அத்தை நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்தாள். அப்பா மிதித்தார். அதே கருங்கல் பலகையில் சைக்கிள் ஏறி இறங்கியது. எங்கேயோ ஒரு முனகல், அவ்வளவுதான்; அத்தையின் தலைகூட ஆடவில்லை. மாமா வாயில் ரத்தத்தோடு, ஒரு கையை அத்தையின் முதுகில் வைத்தபடி ஓடினார். தேர்க்கூட்டம் மணிச் சத்தத்துக்கு வழிவிட்டு, அவர்கள் போனதும் மூடிக்கொண்டது.

தெருவில் நானும் அம்மாவும் முறிந்த சைக்கிளும் வெள்ளரிக்காய் மூட்டையும் மிஞ்சினோம். மூட்டையைத் தண்ணீர்ப் பந்தலுக்குச் சேர்க்கும்படி அம்மா தெருக்காரர் ஒருவரிடம் சொன்னாள். சைக்கிளின் பின்பாதியை அவள் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள், முன்பாதியை நான் தூக்கிக்கொண்டேன். மாமா சொன்னதில் பொய் இல்லை. அது உண்மையிலேயே லேசாகத்தான் இருந்தது.

வழியில் வெல்டிங் பட்டறையில் அதைப் போட்டோம். பட்டறைக்காரர் முறிந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். எப்போது ஒட்டித் தருவீர்கள் என்று கேட்டேன். “இரும்புன்னா இப்பவே தந்துடுவேன் பாப்பா. இது நம்ம நெருப்புக்குக் கட்டுப்படாது. சூடு காட்டுனா ஒழுகிப்பூடும்” என்றார். எனக்கு அழுகை வந்தது. அத்தைக்காக அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்து அந்தச் சைக்கிளுக்காக அழுதேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா நின்றுகொண்டிருந்தார். அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றாள். தேர் நிலைக்கு வந்துவிட்டதற்கான வேட்டுச் சத்தம் தூரத்தில் கேட்டது. வெயில் தாழ்ந்தது. உள்ளே யாரோ ஓடினார்கள், யாரோ பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள். பிறகு ஒரு குழந்தை அழுதது. பூனைக்குட்டி மாதிரி மெல்லத் தொடங்கி, சட்டென்று வீறிட்டது. நர்ஸம்மா வெளியே வந்து, பெண் குழந்தை, கால் முதலில் வந்தாலும் ஒரு குறையும் இல்லை, தாய் தண்ணீர் கேட்கிறாள் என்றார். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றும் சொன்னார். அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பா சுவரில் சாய்ந்து, நீளமாக மூச்சை விட்டார். அவ்வளவு நேரமும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றிருந்தாரோ என்று தோன்றும் அளவுக்கு அது நீளமாக இருந்தது.

மாமாவைக் காணோம். அவர் உள்ளே வரவே இல்லை. வாசலில் வேப்பமரத்தடியில், அப்பாவின் சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். அம்மா போய் விஷயத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள். தலையை ஆட்டினாரே தவிர எழுந்திருக்கவில்லை. கடைசியில் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அவரிடம் போனார். மாமா எழுந்து நின்று, என்னவோ சொல்ல வாயெடுத்தார். உதடு வீங்கியிருந்ததால் வார்த்தை சரியாக வரவில்லை.

அப்பா அவரைப் பேச விடவில்லை. “பொண்ணு பொறந்திருக்குது. நீதான கொண்டாந்து சேத்த. வழியெல்லாம் கைய எடுக்கலியே” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொண்டுவந்து சேர்த்தது எங்கள் சைக்கிள். ஓட்டியது அப்பா. இது ஊருக்கே தெரியும். அப்பாவுக்கு அலைச்சலில் புத்தி குழம்பிவிட்டது என்று நினைத்துத் திருத்தப் பார்த்தேன். அவர் என் கையை லேசாக அழுத்தினார்.

பிறகு இடுப்பில் செருகியிருந்த சைக்கிள் சாவியை எடுத்து மாமாவிடம் நீட்டினார். உள்ளே போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் வெந்நீரும் பழைய சேலையும் கொண்டுவரச் சொன்னார். அந்தச் சைக்கிளை அப்பா அதுவரை யாரையும் தொட விட்டதில்லை. காலையில்தான் ஒரு சைக்கிளை உடைத்தவரிடம் போய் இன்னொன்றைக் கொடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

மாமா உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். ஆனால் ஏறவில்லை. தலையைக் குனிந்து, கைப்பிடியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போனார். சாலை வெறிச்சென்றுதான் இருந்தது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடியும் தள்ளினார். திருப்பம் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். அதுவரைக்கும் அவர் ஏறவில்லை.

டயரில் காற்று இல்லை போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.

“ஆமாம்மா, காத்து இல்ல” என்றார் அப்பா.