காற்றுக்கும் வாடகை

போன வாரம் ஸ்கூட்டருக்கு ஓர் உறை வாங்கினேன். அளவு சரியில்லை. திருப்பி அனுப்பலாம் என்றால் கைபேசி நீளம், அகலம், உயரம் கேட்கிறது. உறைக்கு ஏது ஐயா உயரம்? வண்டி மேல் போட்டால் வண்டியின் உயரம், மடித்து வைத்தால் தலையணை உயரம். எதையோ தட்டிவிட்டு மடிக்கும்போது அந்த நெடி மூக்கில் ஏறியது. ரப்பரும் மண்ணெண்ணெயும் கலந்தது போன்ற புதுத் தார்ப்பாய் நெடி. கூடவே செங்கம் ரோட்டு லாரி ஷெட்டும் வந்துவிட்டது.

அப்போது அங்கே நான் பில் போடும் குமாஸ்தா. என் மொத்த அறிவும் ஒரே கேள்விக்குள் அடக்கம்: வந்திருப்பது எடைச் சரக்கா, இடச் சரக்கா? அரிசி மூட்டை எடைச் சரக்கு; தராசில் ஏற்றி வாடகை போடலாம். பஞ்சு மெத்தை இடச் சரக்கு; டேப்பால் அளந்து, அடைக்கிற இடத்துக்கு வாடகை. தார்ப்பாயை விரிப்பாக அனுப்பினால் எடை. அதையே வெட்டி உறையாகத் தைத்துவிட்டால் இடம். தைத்த பிறகு உள்ளே காற்று புகுந்துகொள்கிறதாம். இடச் சரக்கைத் தராசில் ஏற்றவே கூடாது என்றும் தலைமை அலுவலகத்தில் ஒரு விதி இருந்தது. எங்கள் மேனேஜருக்கு அது வேதம்.

அம்சவேணி அக்கா வேங்கிக்காலில் இளநீர் வண்டிக்கும் ஆட்டோவுக்கும் உறை தைத்துக்கொண்டிருந்தவர். ஓர் ஐப்பசியில் கடலூரிலிருந்து முதல் பெரிய ஆர்டர் வந்தது, படகு இன்ஜின்களுக்கு உறை. மழைக்கு முன்னால் வந்தால் வருஷா வருஷம் உங்களுக்குத்தான், பிந்தினால் வேண்டவே வேண்டாம் என்று அந்தக் கடைக்காரர் சொல்லிவிட்டாராம். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு தைத்து முடித்து, பௌர்ணமியன்று மாலை கட்டுகளை எங்கள் ஷெட்டில் இறக்கினார். மேனேஜர் அளந்தார், நான் எழுதினேன். லாரி மறுநாள் காலை.

பௌர்ணமி என்றால் எங்கள் ஊரில் சொல்லவா வேண்டும். மலை சுற்றி வந்த கூட்டம் பஸ் கிடைக்காமல் ஷெட் வாசலில் ஒதுங்கியது. மெத்தென்று கட்டுகள் கிடக்கும்போது சிமெண்டுத் தரையில் யார் உட்காருவார்கள்? குடும்பம் குடும்பமாக ஏறிப் படுத்து, இளைப்பாறி, விடிந்ததும் போய்விட்டார்கள்.

காலையில் கட்டுகள் அப்பளமாகியிருந்தன. காற்று போயிருக்கிறது என்று யாருக்கும் தோன்றும். மேனேஜர் டேப்பை வைத்துப் பார்த்தார். அவருக்குத் திருட்டு என்று தோன்றியது.

"சரக்கு கம்மியா இருக்குதும்மா. இப்படியே ஏத்த முடியாது" என்றார்.

"தட்டையாத்தான் ஆயிடுச்சே சார், தராசுல வச்சு எடைக்கே அனுப்பிடுங்க. இன்னிக்கு போயாவணும்" என்றார் அக்கா.

தையல் போட்டதை எடை போட விதி இல்லை என்று மேனேஜர் சொல்லிவிட்டார். தராசு இரண்டடி தள்ளித்தான் இருந்தது. நானும் சொல்லிப் பார்த்தேன். பில் போடுகிறவன் பில் போட்டால் போதும் என்றார். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். மறுநாள் திரும்ப அளக்கச் சொல்லிப் பதில் வந்தபோது லாரி கடலூருக்குப் பாதி வழி போயிருக்கும்.

மறுநாள் தார்ப்பாய் தன் குணப்படி மறுபடி உப்பியிருந்தது. மேனேஜர் முகத்தில் அப்படியொரு திருப்தி. திருடன் மனம் திருந்தி ராவோடு ராவாகக் கொண்டுவந்து வைத்துவிட்டான் போல! பழைய அளவுக்கே பில் போடச் சொல்லி அனுப்பிவைத்தார்.

கடலூருக்கு மழை முந்திக்கொண்டது. கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பிவிட்டார்கள். வாங்கிப்போக வந்த அக்கா மேனேஜர் பக்கம் திரும்பவே இல்லை. இங்கேயே விற்றுப் பாருங்களேன் அக்கா என்று நான்தான் அசடு மாதிரி சொன்னேன்.

"நம்ம ஊர்ல ஏது தம்பி படகு?" என்றார்.

இன்று அந்த ஷெட் வெள்ளைக்காரர்கள் காபி குடிக்கும் இடம். மேனேஜர் பதவி உயர்வில் போனார், நியாயம்தானே. எடையா இடமா என்று யாரும் யாரோடும் சண்டை போடுவதில்லை. கைபேசியே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது, அதனிடம் தராசில் வை என்று கேட்கவும் வழியில்லை. அம்சவேணி அக்காவின் தையல் மிஷின் மட்டும் இதற்கெல்லாம் முன்பே, அந்த மழையோடு நின்றுவிட்டது.