தேசிக்காய் தேய்த்த சுவர்

எங்கள் வெள்ளவத்தை வீட்டின் முன்சுவருக்கு வெள்ளை மார்பிள் பதித்தது முழுக்க முழுக்க அப்பாவின் பிடிவாதம். கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் ரயில் பாதையும் மரைன் டிரைவும் மட்டுந்தான். அம்மாவின் தம்பியான மாமா கட்டட இஞ்சினியர். இரத்மலானையிலிருந்து ஞாயிறுதோறும் சாப்பிட வருவார். கிரனைட் போடச் சொல்லித் தலைபாடாய் அடித்துக்கொண்டார். அப்பா கேட்கவில்லை.

சில மழைக்காலங்கள் போயின. பளபளப்பெல்லாம் போய்க் கல் சொரசொரத்தது. மாமா வந்ததும் வராததுமாகச் சுவரில் விரலைத் தேய்த்து, ஒட்டிய வெள்ளைத் துகளை அப்பாவிடம் காட்டுவார்.

"சீனி மாதிரிக் கொட்டுது, அத்தான். உப்புக் காத்துக்கு மார்பிள் நிக்காது எண்டு அப்பவே சொன்னனான்."

அன்று முழுவதும் அப்பாவுக்குச் சோறு இறங்காது. எனக்கு மாமா மேல் கோபம் கோபமாக வரும்.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மா தேசிக்காயை, அதாவது எலுமிச்சையை, வெட்டித் தேய்த்துக் குத்துவிளக்கை மினுக்குவதைப் பார்த்திருந்தேன். ஒரு சனிக்கிழமை ஆறு தேசிக்காயை வெட்டிக்கொண்டுபோய்ச் சுவரைத் தேய்த்தேன். மெல்ல நுரைத்தது. அழுக்குத்தான் பொங்கி வருகிறது என்று பூரித்துப்போனேன். காய்ந்த பிறகு பார்த்தால், தேய்த்த இடமெல்லாம் திட்டுத் திட்டாக மங்கி, முன்னையை விட மோசம்.

மறுநாள் மாமா சுவரருகே குனிந்தபோதே எனக்கு அழுகை வந்துவிட்டது. "நான்தான் தேசிக்காய் தேய்ச்சனான்" என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அப்பாவின் முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டியே மச்சான்? கல்லில ஒரு பிழையும் இல்லை. பிள்ளை தேசிக்காய் தேய்ச்சுப் பழுதாக்கிப்போட்டாள்!"

அன்று பின்னேரம் கடைகள் நிறைந்த காலி வீதிக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். அதன்பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் என்னைக் கூப்பிட்டு, "சொல்லு பிள்ளை, என்ன செய்தனி?" என்பார். செய்த குற்றத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கு ஒரே குழப்பம்.

ஒருநாள் அப்படிச் சொல்லி முடித்தபோது, மாமா அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். மேல்மாடி யன்னலுக்கு மேலேயும் கல் அதே மாதிரி மங்கிப் பொருக்குத் தட்டியிருந்தது. அந்த உயரத்துக்கு நான் எப்போது ஏறினேன்? எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அப்பாவும் மேலே பார்த்தார். பிறகு அவசரமாக என் தலையைத் தடவி, உள்ளே போய் விளையாடச் சொன்னார்.

ஏறியதையும் சேர்த்து மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன்.