நிமிர்த்தி ஒட்டிய ஆன்டெனா

"நீங்க பண்ணினது ரிப்பேரா, கொலையா?"

கத்தியவர் குட்டி விமானங்களைப் பறக்கவிடும் சங்கத்தின் செயலாளர். நான்கு மாதம் தன் கையாலேயே ஒட்டிச் செய்த விமானத்தின் முறிந்த இறக்கையைக் கவுண்டர்மேல் போட்டார். தலைக்கு நேர்மேலே பறந்துகொண்டிருந்தது, திடீரென, இந்தக் கடையில் சரிசெய்து வாங்கிய ரிமோட்டின் பேச்சைக் கேட்காமல் தலைகுப்புற விழுந்ததாம்.

கடைக்காரர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. பின்னறையைக் கைகாட்டினார். "எல்லாம் என் தங்கச்சி வேலை சார். ஒரு ஆன்டெனா இருக்கற ரிமோட்ல ரெண்டா வைக்கறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. நான் வேண்டாம் வேண்டாம்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்."

பின்னறையில் சால்டரிங் கம்பியும் கையுமாக இருந்தவளுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

பதினாறு வருடம் தொழிற்சாலையில் ரிமோட்டுகளுக்குப் பற்றவைத்தவள். அது மூடப்பட்ட பிறகு அண்ணன் கடையில் கிடைத்தது ஜன்னலில்லாத இந்த அறையும் ஆடும் மேசை ஒன்றும். ஆன்டெனாவின் நுனி எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அந்தப் பக்கம் அலை வலுவிழக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் இரண்டாவது ஆன்டெனாவைக் குறுக்காகப் படுக்கவைத்தாள். இரண்டுக்கும் மாறி மாறி அலை போக ஒரு சின்ன மின்சுற்றும் செய்தாள். ஒன்று கைவிட்டாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். சங்கத்தில் பதினோரு ரிமோட்டுகள் அவள் கைபட்டவை. பாராட்டு வந்தபோதெல்லாம், "எங்க கடை ஐடியா சார்!" என்று அண்ணன் மார்தட்டுவார். இன்றைக்கு மட்டும் அது தங்கச்சி வேலையாகிவிட்டது!

"பதினொண்ணையும் பிரிச்செறியச் சொல்றேன். இனிமே அந்தம்மா எங்க ரிமோட்டத் தொடவே கூடாது," என்றார் செயலாளர்.

அவள் வெளியே வந்தாள். "ரிமோட்டக் குடுங்க சார்."

வாங்கிப் பார்த்தவள் திகைத்துப்போனாள். குறுக்கே படுக்கவைத்த ஆன்டெனாவும் நிமிர்ந்து நின்றது. அவள் போட்ட பசையைப் பிளேடால் அறுத்துவிட்டு வேறு பசை வைத்து ஒட்டியிருந்தார்கள். இரண்டு நுனியும் வானத்தைப் பார்த்தால் தலைக்கு மேலே போன விமானத்துக்கு என்ன கேட்கும்?

"அண்ணே, இத யாரு நிமித்தினது?"

அண்ணன் அவள் கையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்தார். குரல் தாழ்ந்தது. "கடை விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்கலாம்னு பார்த்தேன். ஒண்ணு நின்னுக்கிட்டு, ஒண்ணு படுத்துக்கிட்டு, ஒடஞ்ச குடை மாதிரி அசிங்கமா இருந்துச்சு. அதான் நேராக்கினேன்."

"தெரிஞ்சுதான் என் தலையில போட்டீங்களா?"

"கத்தாதே. நீ உள்ளே இருக்கறவ, உன்னைத் திட்டினா ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க. கடை பேரு போனா வருமா? கூடப் பொறந்தவதானே, கொஞ்சம் பொறுத்துக்கயேன்."

கூடப் பிறந்தவள்! பழியைச் சுமக்க மட்டும்தானா அந்த உறவு? கையை உதறிவிட்டு, அலை வந்தால் எரியும் ஒரு சிறு பல்பு பொருத்திய ரிசீவரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

"சார், இதைப் பிடிச்சுக்கிட்டுத் தெருக்கோடிக்குப் போங்க."

"உங்க குடும்பச் சண்டையில நான் எதுக்கும்மா?"

"விழுந்தது உங்க விமானம் சார்!"

முணுமுணுத்துக்கொண்டே போனார். அவள் ரிமோட்டைச் சோதனைக்கான குறைந்த சக்தியில் வைத்து, இரண்டு நுனிகளையும் அவரை நோக்கி நீட்டினாள். பல்பு அணைந்தது. பசையை அறுத்து ஒன்றைக் குறுக்கே திருப்பினாள். எரிந்தது. மறுபடி நேராக்கினாள். அணைந்தது. பக்கத்துக் கடைக்காரர்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

செயலாளர் திரும்பி வந்தார். "அப்ப நிமித்தினது யாரு?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். "சரி சரி, காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல சார்? வாங்க, உள்ளே உக்காந்து பேசலாம்."

"இங்கேயே பேசுங்க." அவள் வழிமறித்தாள். கண்ணில் நீர் முட்டியது, குரல் மட்டும் உடையவில்லை. "தங்கச்சி வேலைன்னு எவ்வளவு சத்தமா சொன்னீங்களோ, அவ்வளவு சத்தமா சொல்லுங்க."

அண்ணன் தரையைப் பார்த்தபடி உதட்டை அசைத்தார். "நான்தான் நேராக்கினேன்."

"கேக்கல!"

முகம் சிவக்க, தெருவே திரும்பிப் பார்க்க, அவர் கத்தினார்: "நான்தான்! அவ மேல ஒரு தப்பும் இல்ல!"

அவள் ரிமோட்டைச் செயலாளர் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் மேசையில் அமர்ந்தாள். அப்போதுதான் அழுதாள்.